வெளுக்காத முன்பல்

கும்பகோணத்துப் பல் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய இர்ஃபானா, துபாயிலிருந்து விடுப்பில் வந்து இன்னும் தூங்கிக்கொண்டிருந்த கணவன் ஹம்தானுக்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுந்தியது.

"மச்சான், மீன் ஆணம் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணி சோத்துல ஊத்திச் சாப்பிடுங்க. எனக்குத் தயிர்சோறுதான். மஞ்சள், டீ எதுவும் ரெண்டு நாளைக்குப் பல்லுல படக்கூடாதுன்னு டாக்டர் போன்லயே சொல்லிட்டாங்க.

நீங்க வாங்கிட்டு வந்த வெளுப்பு ஜெல்லை அரை மணி நேரம்தான் வைக்கணும்னு டப்பாவுல போட்டிருந்துச்சு. 'இன்னும் மஞ்சளாத்தான் தெரியுது'ன்னு நீங்க சிரிச்சீங்க. ரெண்டு மணி நேரம் வச்சேன். ஈறு வெந்துபோச்சு. பச்சைத் தண்ணி பட்டாலே பல்லு சுரீர்ங்குது."

மடிக்கப் போனவள் மறுபடி விரித்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"பல்லெல்லாம் வெளுத்துடுச்சு, முன்பல்லு ஒண்ணைத் தவிர. அது உடைஞ்சதுக்கு மேல உறை மாதிரி கேப் போட்ட பல்லு, ஜெல்லுக்கு வெளுக்காதாம். நீங்க என்னைப் பின்னால உக்கார வச்சு ஓட்டிட்டுப் போயி பைக்கைச் சாச்சப்ப உடைஞ்சது. நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க, நானும் ஆமான்னேன். சாயந்திரம் உங்க அக்கா வர்றாங்க, பாத்ததும் இந்த ஒரு பல்லு மட்டும் ஏன் மஞ்சளா இருக்குன்னு கேப்பாங்க. நான் வர்றதுக்குள்ள நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க."