இறக்கிவிட ஒரு கை

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் கழுத்துவலி தேவலையா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. கிடங்கில் ஒரு பெட்டியைக் காணோம் என்று சூப்பர்வைசர் என்னைக் காட்டி ஏதோ கத்தினார். நம் பாஷை தெரிந்த டிரைவர் அண்ணன்தான் விளக்கினார்: "உன் மேல குத்தம் சுமத்துறாங்கப்பா."

"சுமக்கிறதுதானண்ணே நம்ம பொழப்பு" என்று சிரித்துவைத்தேன்.

கவலைப்படாதே, பெட்டி மறுநாளே வேறு அறையில் கிடைத்துவிட்டது. ஆனால் யாரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடத் தங்கியிருப்பவர்கள் என்னைக் கண்டால் இன்னும் பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சொல்தான் மனதில் ஓடுகிறது. சுமத்துவது என்றால் சுமக்க வைப்பதுதானே. கட்டட வேலையில் உன் தலையில் கலவைச் சட்டியை நான் ஏற்றிவிடுவேன். மேலே போனதும் "யாராவது ஒரு கை புடிங்க" என்பாய். அங்கே யாரும் இறக்கிவிடாமல் போனதில்லை.

நீ சும்மாடு கட்டும் பழைய துண்டைத் துவைக்காமல் அனுப்பு. இங்கே தலையணை சரியில்லை.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை என்று நீயாவது ஒரு வரி எழுது.

உன் வீட்டுக்காரன்