கல்வெட்டில் ஏறாத பெயர்

குரும்பலூர் போகும் வழியில், நீங்கள் படிக்கல் வெட்டிக் கொடுத்த கோயிலை இன்று கழுவிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நனைந்த கருங்கல் வாசனை வந்தது. குவாரியிலிருந்து வரும்போது உங்கள் சட்டையில் இருக்குமே, அதே வாசனை. வந்த பஸ்ஸில் ஏறவில்லை.

நெஞ்சில் தூசி அடைத்து நீங்கள் படுத்துவிட்ட நாட்களில், மகள் போனில் எகிப்துப் பிரமிடு கோபுரத்தைக் காட்டினாள்.

"யாரு பாப்பா கட்டுனது?"

"ராசாதாம்ப்பா."

"ராசாவா கல்லு தூக்குனாரு? வெட்டுனவன் யாருன்னு பாரு."

அவள் தேடிப் படித்தாள். "அடிமைங்க இல்லியாம்ப்பா. ஊரு ஊரா வந்த வேலையாளுங்க. உள்ளாற கல்லுல அவங்கவங்க வேலைச் செட்டு பேர செவப்பா எழுதி வச்சிருக்காங்க. செத்தா அங்கனயே பக்கத்துல பொதைச்சிருக்காங்க."

நீங்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். "வெவரமான பயலுவ!" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமல் நின்றதும் என்னிடம், "நம்ம படியிலயும் பேரு இருந்தா நல்லாருக்கும்ல புள்ள" என்றீர்கள். நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

உங்களைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், கோயில் வேலை பார்க்கும் பெரியவரிடம் போய் நின்றேன். கல்வெட்டில் போட உபயக்காரர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"கல்லு வெட்டுனவரா? போட்டுட்டாப் போச்சு. பேரச் சொல்லும்மா."

எனக்கு வாய் வரவில்லை. புருசன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தவள் நான். அதுவும் நீங்கள் மூக்கில் குழாயோடு கிடக்கும்போதா?

"இந்தக் காலத்துலயுமா! சொன்னா வாயி வெந்துடுமா? இந்தா, எழுது" என்று பேனாவை நீட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எழுதினாலும் சொன்ன மாதிரிதானே என்று கை நின்றுவிட்டது. பெயரைக் காட்டலாமென்றால் ரேஷன் கார்டு ஆஸ்பத்திரியில் உங்கள் தலைமாட்டில் இருந்தது. "மகளக் கூட்டியாறேங்க" என்று திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். காரியம் முடிந்து மகள் அங்கே போனபோது கல்வெட்டைப் பதித்துவிட்டிருந்தார்கள்.

ஆயுசைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பெயரை விழுங்கினேன். இரண்டும் போயிற்று. இப்போது வீட்டில் யாரும் இல்லாத நேரம் உங்கள் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். முதல் எழுத்து மட்டும் வருகிறது. மிச்சம் உள்ளேயே கிடக்கிறது, கல்லு மாதிரி.