ஆற்றில் மூழ்கிய மலை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

பழக்கதோஷம், கை தானாக அண்ணி என்று எழுதிவிட்டது. போன வாரம் விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகும் உங்களை அப்படிக் கூப்பிடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பக்கம் நியாயமா உங்கள் பக்கம் நியாயமா என்று நான் பஞ்சாயத்து வைக்கப்போவதில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஒரே வீட்டில்தான் ஒத்துவரவில்லை. ஆனால் என் கதி என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். இனி நான் உங்களுக்கு யார்? இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் போடுங்கள்.

அண்ணன் நன்றாக இருக்கிறான். சமையல் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று இரண்டு பாத்திரங்களின் அடியைக் கரியாக்கிவிட்டான். அம்மாவுக்குத்தான் என்மேல் கோபம். "போனவ போயிட்டா, நீ எதுக்கு இன்னும் கடுதாசி போட்டுக்கிட்டு இருக்க?" என்கிறாள். விளையாட்டு வேலை என்றேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்ப்பார்கள், அந்தக் கதை நடக்கிற உலகத்தைத்தான் நானும் அண்ணியும் செய்கிறோம் என்று நூறாவது தடவையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்குடி ரெண்டு கூட்டம்? ஒண்ணு போதாதா?" என்றாள். ஒரு கூட்டம் மட்டும் இருந்தால் யாரோடு சண்டை போடுவது, சொல்லுங்கள்.

நம் விளையாட்டை விற்கப்போகிற கடைக்காரர் போன் செய்தார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கடையில் உட்கார வைத்து ஆடிப் பார்க்கலாமாம், சரியாக வந்தால் அச்சுக்குக் கொடுத்துவிடுவாராம். "ரெண்டு கூட்டமும் ஒருத்தர ஒருத்தர் முறைச்சுக்கணும், ஆனா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கணும்" என்றார். அந்த மனுஷனுக்கு எல்லாம் சுலபம்.

நம் பழைய ஒப்பந்தம்தானே? போனில் விளையாட்டுப் பேச்சு கிடையாது. போனில் பேசினால் நாம் இரண்டே நிமிடத்தில் ஒத்துப்போய்விடுகிறோம், பகை வளரவே மாட்டேன் என்கிறது. ஆற்றுக் கூட்டமான நீரோரைப் பற்றி நான் எழுதுகிறேன், மலைக் கூட்டமான கல்லோரைப் பற்றி நீங்கள் எழுதுங்கள். கடிதத்தில் வருவதற்கு மேல் ஒருவர் கூட்டத்தைப் பற்றி மற்றவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது.

இந்த முறை என் தரப்பு: நீரோர் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்கிறவர்கள். அவர்களுக்கு இரவல்தான் உறவு. உன் சட்டி என் படகில் இருக்கிறவரை நீயும் நானும் சொந்தம். திருப்பிக் கொடுத்துவிட்டால் உறவு அறுந்தது. அப்புறம், முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வது அவர்களிடம் மகா கேவலம். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

வாலு

—

ஜூன் 15

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது அறை மூன்றாவது மாடியில். கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது, கதவைத் திறந்தால் நாற்காலிக்கு இடமில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் யாரோ பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதுவும் தப்புக் கணக்கு. ஆனாலும் சொல்கிறேன், ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்குகிறேன்.

எங்கள் சமரச அலுவலகத்தில் இன்றைக்கு ஒரு வாடகைத் தகராறு. நடைபாதையில் இருக்கிற செருப்பு அலமாரி யாருடையது என்று இரண்டு குடித்தனக்காரர்கள் முழு மத்தியானமும் வாதாடினார்கள். ஒருவர் அந்த அலமாரியைப் பல கோணங்களில் படம் எடுத்து வந்திருந்தார், கல்யாண ஆல்பம் மாதிரி. இவர்களைத் தினமும் எதிரே உட்கார வைத்து எழுதிக்கொள்கிற எனக்குக் கல்லோரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையா என்ன?

என் தரப்பு: கல்லோர் எந்தச் சொல்லையும் மூன்று சாட்சி முன்னால்தான் கொடுப்பார்கள், கொடுத்தால் மாறமாட்டார்கள். கல்லோர் தலைவி ஆற்றங்கரைக்கு உப்பு கேட்டுப் போகிறாள். உன் ஆட்கள் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்கிறார்கள். மறுநாள் விடிவதற்கு முன்பே அவள் மூன்று சாட்சி, காலி மூட்டை, கழுதை சகிதம் வந்து நிற்கிறாள். மறுபடியும் 'நாளைக்குப் பார்க்கலாம்'. மறுபடியும் கழுதை. இப்படியே நடந்து நடந்து கழுதைக்குக் கால் வீங்கிய பிறகு, 'பொய்யர்களோடு இனிப் பேச்சில்லை' என்று கல்லோர் மலைவழியை அடைக்கிறார்கள். நீரோர் பக்கம் என்ன சொல்வார்கள் என்பது உன் பாடு.

நீ கேட்ட அந்த இன்னொரு விஷயத்துக்கு அப்புறம் எழுதுகிறேன்.

கல்லோர் தரப்பு

—

ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

(வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை இப்படித்தான் எழுதுவேன்.)

கழுதையைப் படித்துவிட்டு அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கையில் பேனா, மேசையில் பாதி வரைந்த நிலப்படம். ஒருத்தரின் தோட்டம் பக்கத்து வீட்டுக்குள் அரை அங்குலம் நுழைந்துவிட்டது. மேலதிகாரி முறைத்த முறைப்பில் எனக்குச் சிரிப்பு இன்னும் கூடிப்போயிற்று.

நீரோர் என்ன சொல்வார்களா? 'எவ்வளவு மரியாதையாக இல்லையென்று சொன்னோம், விடியக்காலையில் கழுதையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாளே, இந்த மரமண்டைக்கு உறைக்கவே உறைக்காதா?' என்பார்கள். பாருங்கள், இரண்டு பக்கமும் நியாயம். கடைக்காரர் வாயை அடைத்தாயிற்று.

ஆனால் உங்கள்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கல்லோரைப் படைத்தவர் 'அப்புறம் எழுதுகிறேன்' என்று எழுதலாமா? அது எங்கள் ஆற்றங்கரைப் பேச்சல்லவா? நானும் விடியக்காலையில் கழுதையோடு உங்கள் மூன்றாவது மாடிக்கு வந்து நிற்கவேண்டுமா?

இங்கே பெரியம்மா வந்திருந்தாள். அண்ணனுக்கு வேறு இடம் பார்க்கலாமே என்று ஆரம்பித்தாள். அண்ணன் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான். என்னிடம் திரும்பி, "வரப்போறவளத்தான் நீ இனிமே அண்ணின்னு கூப்பிடணும், தெரிஞ்சுதா?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ டம்ளரை மேசையில் ஓங்கி வைத்தேன், பாதி அவள் புடவையில். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வேண்டுமென்றுதான்.

எனக்கு அக்கா தங்கை கிடையாது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்த பிறகுதான் இந்த வீட்டில் நான் பேசுவது ஒருத்தருக்காவது காதில் விழுந்தது. அதனால்தான் கேட்கிறேன். நம் உறவு இருக்கிறதா, போய்விட்டதா? ஒரு வரி போதும்.

வாலு

—

ஜூலை 6

வாலு,

பார்சல் அனுப்பியிருக்கிறேன். உன் தையல் மெஷின், சாம்பல் நிற ஸ்வெட்டர், பெரிய குடை எல்லாம் அதில் இருக்கின்றன. மெஷினின் பிடி மட்டும் தனியாகத் துணியில் சுற்றியிருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதே. பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று எழுது. அலுவலகத்தில் வேலை தலைக்குமேல், விவரமாக அப்புறம்.

—

ஜூலை 9

மதிப்புக்குரிய கல்லோர் தலைவி அவர்களுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பிடி உடையவில்லை. வேறு என்னென்ன உடைந்தது என்று எழுதினால் தாள் போதாது.

நான் ஒரு வரி கேட்டேன். நீங்கள் ஒரு பெட்டியே அனுப்பிவிட்டீர்கள். இரவல் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று என் கைப்பட உங்களுக்கு எழுதினேனே, படித்துவிட்டுத்தானே கட்டினீர்கள்? இதைவிட, 'இனிமேல் எழுதாதே' என்று நேராகவே எழுதியிருக்கலாம். கல்லோருக்கு அந்தத் தைரியம் உண்டு என்று நினைத்திருந்தேன். ஸ்வெட்டரைத் துவைத்து, மடித்து, ஏதோ வாசனைப் பொடி வேறு தூவி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த அக்கறை எதற்கு? பிரித்ததும் அம்மா எதிரிலேயே அழுதுவிட்டேன். அம்மா, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

கடைக்காரரிடம் விளையாட்டு இல்லை என்று சொல்லப்போகிறேன். உங்கள் ஆட்களை நானே வைத்துக்கொண்டு எழுதலாமா என்றும் முயன்று பார்த்தேன். வரவில்லை. நான் எழுதினால் கல்லோர் எல்லாரும் தொப்பி மாட்டிய நீரோராகத்தான் வருகிறார்கள், எல்லாரும் என் மாதிரியே வளவளவென்று பேசுகிறார்கள். கோபத்தில் ஆற்றைப் பெருக்கெடுக்க வைத்து, உங்கள் மலையையும் சாட்சிகளையும் கழுதையையும் மொத்தமாக மூழ்கடித்துவிட்டேன். ஒருத்தர் மிச்சமில்லை.

இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

—

ஜூலை 12

அடி கிறுக்கி,

உன் கடிதத்தை நேற்று மத்தியானம் பிரித்தேன். எதிரே இரண்டு பேர் தண்ணீர்க் குழாய்க்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் வாயை மூடுறீங்களா!" என்று கத்திவிட்டேன். இத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. பயந்துபோய் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள்.

முதலில் ஒரு விஷயம். ஆறு பெருகினால் மலை எப்படி மூழ்கும்? நிலம் அளந்து படம் போடுகிற ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத உனக்கு வெட்கமாக இல்லை? என் ஆட்கள் உச்சியில் உட்கார்ந்து உங்கள் படகுகள் அடித்துப் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கழுதையும் சௌக்கியம்.

இரண்டாவது, அறையில் இடமில்லையடி! மெஷினைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்திருந்தேன், தினம் காலில் இடித்துக்கொண்டேன். குடை நனைந்தால் விரித்துவைக்க வழியில்லை. ஸ்வெட்டரைப் பூச்சி அரிக்க ஆரம்பித்தது, அதற்குத்தான் அந்தப் பொடி. உன் நீரோர் சட்டம் என் நினைவுக்கே வரவில்லை. விளையாட்டு வேறு, பார்சல் வேறு என்றுதான் என் மரமண்டையில் இருந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். நீ கேட்டபோதே பதில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. ஏன் தெரியுமா? அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்க பயந்துகொண்டிருந்தேன். அண்ணனை விட்டுவிட்டு வந்தவள், தங்கையை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? நீ ரத்த சொந்தம் பக்கம்தான் போவாய், போகத்தானே வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நீ விலகுகிற நாளைத் தள்ளிப்போடத்தான் அப்புறம், அப்புறம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் தீர்ப்பின் நகலை எடுத்து வரிவரியாகப் படித்தேன். என்னையும் உன் அண்ணனையும் பிரித்திருக்கிறார்கள், சரி. உன்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆகவே அண்ணி என்றே கூப்பிடு. உன் பெரியம்மா புடவையில் இன்னொரு டம்ளர் டீ ஊற்றினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் இதெல்லாம் எழுத வருகிறது. வெளியே நாலு பேர் எதிரில் யாராவது கேட்டால் உன்னை என்னவென்று சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆடிப் பார்க்கிற அன்றைக்குக் கடைக்கு வருகிறேன். அதைப் பற்றிக் கேள்வி எதுவும் வராமல் இருந்தால் நல்லது.

மலையைத் தண்ணீரிலிருந்து எடுத்து வை.

அண்ணி

—

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

மலையை எடுத்து வைத்ததால் பிழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தாடிக்காரர் கல்லோர் சாட்சியாக எழுந்து நின்று, "நேத்து சொன்னீங்களா இல்லையா?" என்று மேசையைத் தட்டியதும், எதிரே இருந்த பெண், "பாக்கலாம்னுதானே சொன்னேன், தரேன்னா சொன்னேன்?" என்று சிரித்ததும் அப்படியே நம் கடிதத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது. நாம் எழுதிக் கொடுத்த வசனமே இல்லை, அவர்களாகப் பேசியது! இருவரும் கணவன் மனைவி என்று அப்புறம்தான் தெரிந்தது. உப்பு கிடைக்கவில்லை என்று அந்த மனுஷர் நிஜமாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நேற்று கடைக்காரர் போன் செய்தார். அச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். உங்களிடம் முதலில் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். ஆட்டம் முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் நம்மிடம் வந்து, "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா? சண்டை போடுறதப் பாத்தா அப்படித்தான் தெரியுது" என்று கேட்டாரே, அப்போது என் வாயில் பாதி பிஸ்கட். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. தோழி என்பீர்கள், கூட வேலை செய்கிறவள் என்பீர்கள், எது சொன்னாலும் தலையாட்டிவிடவேண்டும் என்று தயாராக நின்றேன். நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல், பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்:

"அக்கா தங்கச்சின்னா பரவாயில்லையே. இவ என் நாத்தனார்."

"ஓ! வீட்டுக்காரர் வரலியா?"

"வீட்டுக்காரர் இப்ப இல்லீங்க. நாத்தனார் இருக்கா."

அந்த அப்பாவி மனுஷர் என் அண்ணன் செத்தே போய்விட்டான் என்று நினைத்து, முகம் தொங்கிப்போய், நமக்கு இன்னொரு டீ சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தான். அப்புறம், "அவ அப்படியா சொன்னா?" என்று கேட்டான், அப்புறம் சிரித்தான். நிஜமான சிரிப்பு. அம்மா இந்தத் தடவை 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

கடையிலிருந்து இறங்கி பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்னடி, வயிறு சரியில்லையா என்று கேட்டீர்கள். வயிறு நன்றாகத்தான் இருந்தது அண்ணி. தீர்ப்பு வந்த நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது, அதில் பேச்சுக்கு இடமில்லை.

வாலு