கறுப்பு வட்டம் போடாத பள்ளத்தாக்கு

இன்று காலை ஆபீஸில் வரைபட அலமாரியைத் திறக்க வேண்டியிருந்தது. கொடைக்கானலில் மூன்று நாளாக மழை. துணி ஒட்டிய பழைய வரைபடங்கள் ஈரம் குடித்தால் ஒரு வாடை வரும், புளித்த பசையும் நனைந்த சாக்கும் சேர்ந்த மாதிரி. அது மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. வந்ததே தவிர எனக்குள் ஒன்றும் அசையவில்லை. கேட்டு வந்தவருக்குத் தாளை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று என் மனைவி கேட்கிறாள். மரத்துப்போன காலை உதறுவதுபோல் மனசை உதறிப் பார்க்கிறேன், அது பாட்டுக்குக் கிடக்கிறது.

அந்த வாடை நமக்குப் புதிதில்லை. நயா பைசா வந்த புதிதில் நான் திண்டுக்கல்லில் சர்வே ஆபீஸ் டிரேசர். வரைபடத்தின் மேல் மெழுகுத்துணியைப் போட்டுக் கோடு கோடாக நகலெடுப்பதுதான் வேலை. நீ அய்யம்பாளையத்தில் மாந்தோப்பும், உன் அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கியுமாக இருந்தாய். ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததைத் தவிர நம் இரண்டு பேருக்கும் ஒற்றுமை ஒன்றும் கிடையாது. நீ காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடப்பாய். நான் செருப்பில் சகதி ஒட்டினால் நின்று துடைக்கிற ஆள்.

உனக்குப் பழக்கமான அடிவாரச் சரிவுகளில் அந்த வருஷம் மிளா கண்ணிலேயே படவில்லை. பசு உயரம் நிற்கிற அந்தப் பெரிய மான், காபித் தோட்டம் பெருகப் பெருக மேலே ஏறிவிட்டது என்றாய். ஒரு கொம்பனை, கொம்புள்ள ஆணைச் சுட லைசென்ஸ் கையில் இருந்தது. பெரும்பாறைக்கு அப்பால் உள்ள மடிப்புகளில் நீ கால் வைத்ததில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன், காட்டை நான் கொண்டுவருகிறேன் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன். "என்னலே, காட்டையே வேட்டியில மடிச்சுக் கொண்டாந்துட்டியா" என்று சிரித்தாய்.

உன் வீட்டு நெல் குதிருக்குப் பக்கத்தில் தரையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு தேங்காயை வைத்தோம். உயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் படுகை என்று சொல்லிக்கொடுத்தேன். அரை மணியில் பிடித்துக்கொண்டாய். அதன்பிறகு நீதான் எனக்குச் சொன்னாய். இந்த வடக்குச் சரிவில் சோலை இருக்கும், வெயில் ஏறினால் மிளா அங்கே படுக்கும். இந்த இரண்டு ஓடையும் சேருகிற இடத்தில் தண்ணீர் கோடையிலும் வற்றாது. இந்த இரண்டு முகட்டுக்கும் நடுவில் தாழ்ந்திருக்கிற கழுத்து வழியாகத்தான் அது பள்ளம் மாறும். காலையில் காற்று கீழிருந்து மேலே ஏறும், அதனால் நாம் மேலே இருக்க வேண்டும். நான் பத்து வருஷமாக வரைந்த கோடுகளுக்குள் ஒரு விலங்கு மேய்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாள் வேறில்லை.

"மொதல்ல தாளுல நடப்போம்லே, பொறகு தரையில நடப்போம்." இது உன் பேச்சு. துப்பாக்கியை எடுக்காமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெறுங்கையோடு போய்ப் பார்த்துவருவது என்று நீதான் ஏற்பாடு செய்தாய். தண்ணீருக்கு ஊதா, சோலைக்குப் பச்சை, பாறைச் சரிவுக்குச் சிவப்பு. ஆள் புழங்குகிற இடம் எதுவானாலும் கறுப்பு வட்டம். குடிசையோ, மாட்டுப்பட்டியோ, வெறும் அடுப்புக்கல்லோ, எதைக் கண்டாலும் வட்டம். வட்டம் விழுந்த பள்ளத்துக்குள் துப்பாக்கி போகக் கூடாது. "மான் போனா அடுத்த வருசம் வரும்" என்றாய். பென்சில் என் கையில் இருந்தது. துப்பாக்கி உன் பொறுப்பு, பென்சில் என் பொறுப்பு என்று பேச்சு.

முதல் பள்ளத்தில் காபித் தோட்டக்காரர்கள் கூலியாட்கள் குடியிருக்கப் புதிதாக லயம் கட்டியிருந்தார்கள். வட்டம். இரண்டாவதில் ஏலக்காய்க் காவல் குடிசை. மூன்றாவதில் மாட்டுப்பட்டி. மூன்று ஞாயிறு போயிற்று. நாலாவது ஞாயிற்றுக்கிழமை, அட்டை கடித்த காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே நீ, போதும்லே, இந்த வருஷம் வேண்டாம் என்றாய். நான்தான் கடைசியாக ஒரு பள்ளத்தைக் காட்டினேன். தாளில் அது வெறும் வெள்ளை. ஊர் இல்லை, பாதை இல்லை, பெயர்கூட இல்லை. நீ கேள்விப்படாத இடம், யார் துணையும் இல்லாமல் தாளைப் பார்த்தே நான் கண்டுபிடித்த இடம்.

அடுத்த வாரம் போனோம். நீ ஓடையோரம் தடம் பார்க்கக் கீழே இறங்கினாய். நான் கழுத்தைச் சரிபார்க்க முகட்டில் ஏறினேன். அங்கே மரங்களில் கொம்பு உரசிய பட்டை ஆள் மார்பு உயரத்துக்கு உரிந்து தொங்கியது. எச்சில்கூட விழுங்காமல் நின்றேன். பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பினால் ஒரு பளியர், அந்த மலைக்காட்டு ஆள். முப்பது வயசு இருக்கும். தோளில் மூங்கில் குழாய், கையில் கூர் சீவிய கம்பு.

"என்ன சாமி தேடுறீங்க?"

"எடம் பாக்க வந்தோம். இந்தப் பள்ளத்துல ஆளுக யாரும் இருக்காங்களா?"

"இப்ப யாரும் இல்ல சாமி. தை பொறந்தா நாங்க ஏழெட்டுப் பேரு வருவோம். கெழங்கெல்லாம் இங்கதான் கெடக்கு. ஒரு மாசம் போல இருப்போம்." மோவாயால் கீழே இடுக்கைக் காட்டினார். பெயர் கேட்டேன். சடையன் என்றார்.

அவர் போன பிறகு வரைபடத்தை முழங்காலில் விரித்துக் கறுப்புப் பென்சிலைக் கையில் எடுத்தேன். போடத்தான் எடுத்தேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை வீண் என்று நினைத்தேன். நாம் தை முதல் வாரமே வந்துவிடுவோம், இவர்கள் மெதுவாக வருவார்கள் என்றும் நினைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு. அதை இப்போதுதான் எழுதுகிறேன். அந்த ஒரு பள்ளமாவது என்னால் உனக்குக் கிடைக்க வேண்டும் என்றிருந்தது. பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

ஓடை சேருமிடத்தில் நீ காத்திருந்தாய். முட்டி வரைக்கும் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. பெரிய கொம்பனின் குளம்புத் தடம் பார்த்திருந்தாய்.

"மேல ஆளு நடமாட்டம் ஏதும் உண்டாலே?"

"ஒருத்தனும் இல்ல. சுத்தமான எடம்."

தை முதல் வாரம் உன் மச்சான் வீட்டு விசேஷம் குறுக்கே வந்தது. மூன்றாம் வாரம் என்று தள்ளிப்போட்டாய். சொல்வதற்கு எனக்கு அவ்வளவு நாள் இருந்தது. பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். மலையேறும்போது உன் பின்னாலேயே நடந்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? வந்திருக்க மாட்டார்கள், வந்திருக்க மாட்டார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளனே போய்க் கழுத்துக்குக் கீழே உட்கார்ந்தோம். வெயில் ஏறும் நேரம் இடுக்கிலிருந்து மிளா எழுந்தது. நாம் தாளில் நடத்திய அதே வழியில் வந்தது. நீ சுட்டாய். எல்.ஜி. தோட்டா, சிதறிப் போகிற குண்டு. மிளா ஒரே தாவலில் சோலைக்குள் மறைந்தது. அதன் பின்னால் உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது. கிழங்குக் குழியோரம் முழங்காலூன்றி உள்ளே குனிந்திருந்த ஆளை யார் கண்ணும் கண்டிருக்காது. முழங்காலில் ஒரு குண்டு. கிழங்கு பக்கத்தில் மண்ணோடு கிடந்தது. சடையன்தான்.

நீ துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினாய். உன் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டாய். மற்ற பளியர்கள் ஓடிவந்து கம்பில் வேட்டியைத் தூளியாகக் கட்டினார்கள். பெரும்பாறை வரைக்கும் சுமந்தோம், அங்கிருந்து தோட்டத்து லாரி. நான் கம்பின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் பிடித்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். புதரை விலக்கியபோது அவர் என்னைப் பார்த்த ஒரு பார்வை போதுமாயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வலியில் சொல்ல முடியவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேட்டார். "எடத்தைப் பாத்துச் சொன்னது யாரு?"

"நான்தாங்க" என்றாய். "இவரு சும்மா கூட வந்தவரு. கவர்மெண்டு சோலியில இருக்காரு, விட்ருங்க."

நான் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராகுகாலம் எப்போது என்பதுகூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த மரத்துப்போனது அங்கேதான் தொடங்கியது, உன் சாவில் இல்லை.

வழக்கு நடந்தது, அபராதம் கட்டினாய், லைசென்ஸ் போயிற்று. சடையனுக்குக் கால் மிஞ்சியது, ஆனால் மடங்கவில்லை. மலையேற முடியாதவருக்கு உன் தோப்பிலேயே ஓட்டு வீடு கட்டிக் காவலுக்கு வைத்துக்கொண்டாய். நீ அப்புறம் காட்டுப் பக்கம் போகவே இல்லை. ஊரில் உன்னை ஆளைச் சுட்டவன் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அவர்களோடு சண்டைக்குப் போனேன். அதற்கு எனக்கு நாக்கு இருந்தது.

பதினோரு வருஷம். என் கல்யாணத்துக்கு வாழைத்தாரும் மாவிலையுமாக வண்டி கட்டி வந்தாய். கொடைக்கானலுக்கு மாற்றலானபோது மலைக்குளிர் எனக்கு ஆகாது என்று கம்பளி அனுப்பினாய். ஒவ்வொரு மாங்காய்க் காலத்துக்கும் கூடை வந்தது. தோப்புக்கு வந்தால் சடையன் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, "வாங்க சாமி" என்று தண்ணீர் கொடுப்பார். நான் குடிப்பேன். ஒரு சாயங்காலம் கட்டிலில் படுத்திருந்தபடியே, "ஏலே, மனசுல எதையாச்சும் வச்சிருந்தா எங்கிட்ட சொல்லேன்" என்றாய். நான் புரமோஷன் தள்ளிப்போகிற கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். காமாலை இப்படி வெரசா கொண்டுபோகும் என்று யார் கண்டது என்று உன் மனைவி சொல்லிச் சொல்லி அழுதார்கள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சடையன் வந்து பக்கத்தில் நின்றார்.

"சாமி, ஒரு வார்த்த. அன்னைக்கு குண்டுபட்டு நான் ஆசுபத்திரியில கெடக்கயில ஐயா எங்கிட்ட கேட்டாரு, நாங்க அங்க கெழங்குக்கு வருவோம்னு வெளியாளு யாருக்கும் தெரியாதான்னு. தெரியும்னேன். ஒங்கள அடையாளம் சொன்னேன்."

குழாயை மூடினேன். "அவன் என்ன சொன்னான்?"

"இத யாருகிட்டயும் பேசாத, அவரே எங்கிட்ட சொல்லுவாருன்னாரு. நானும் பேசல. இப்ப ஐயா இல்ல."

இன்ஸ்பெக்டரிடம் என்னைக் காத்தபோது உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வழக்கு முழுக்க, கோர்ட்டில் கூண்டேறி நின்றபோதும், உனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு வண்டி கட்டியபோது தெரியும். கம்பளி அனுப்பியபோது தெரியும். நான் புரமோஷன் கதையை அளந்தபோது, இவன் இன்றைக்கும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாய்.

சடையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், "ஐயாட்ட கேட்டிருக்கலாம் சாமி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவையாவது நீ நேராக, "ஒனக்கு முன்னமே தெரியுமாலே?" என்று ஏன் கேட்கவில்லை? பஸ் மலை ஏறி முடிப்பதற்குள் விடை கிடைத்துவிட்டது. நீ கேட்டிருந்தால் நான் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். உன் கண்ணைப் பார்த்தே சொல்லியிருப்பேன். என்னை ஐந்தாம் வகுப்பிலிருந்து அறிந்தவன் நீ. அப்படி ஒரு பொய்யை நேருக்கு நேர் கேட்டுவிட்டால் அதற்கு மேல் என்னோடு சிநேகமாக இருக்க முடியாது என்று தெரிந்துதான் கேட்காமலே போய்விட்டாய்.