பழகு சுவர்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நான் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போய்வரும் ஒரு வருஷம் பாப்பாவை வைத்துக்கொள் என்றுதான் உன்னைக் கேட்டேன். உன் பள்ளியில் சேர்த்தாய், சரி. உன் தொழிற்கல்வி வகுப்பிலேயே சேர்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. கணக்கில் அவள் எவ்வளவு கெட்டி என்று உனக்குத் தெரியும். அந்தப் பெண் இப்போது நாற்று நடவும் செங்கல் அடுக்கவும் கற்றுக்கொள்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

நீ சொல்லிக்கொடுக்கும் வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் கற்றால் கைதட்டுவேன். என் பிள்ளை என்றதும் மனம் ஒப்பவில்லை. நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் ஒப்பவில்லை.

அவள் அப்பா, "விடேன், புடிச்சதைப் படிக்கட்டும்" என்கிறார். பின்வாசல் படி உடைந்தபோதும் "விடேன்" என்றவர்தான். இன்றும் அதைத் தாண்டித்தான் போகிறோம்.

பருவம் முடிகிற வெள்ளிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். துணிமணியைக் கட்டி வைக்கச் சொல். இங்கே நல்ல பள்ளி ஒன்றில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். இதைப் பற்றி வாதாட வேண்டாம்.

உன் இருமல் எப்படி இருக்கிறது?

அக்கா

---

பிப்ரவரி 19

என் கோபக்கார அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. நீ சொன்னபடி வாதாடப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறையில் பிள்ளைகள் கட்டும் சுவருக்குப் பழகு சுவர் என்று பெயர். அதில் சிமெண்ட் சேர்க்கமாட்டோம், சுண்ணாம்பும் மணலும்தான். மார்பு உயரம் வந்ததும் நேராக நிற்கிறதா என்று நான் ரசமட்டம் வைத்துப் பார்த்து மார்க் போடுவேன். மறுநாள் கட்டியவர்களே பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கவேண்டும். அடுத்த வகுப்புக்கும் அதே கல்தான்.

"சித்தி, கட்டறது ஒரு நாளு, சுரண்டறது மூணு நாளா? ஊரு என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்கிறான் ஒருவன். ஆமாம், பாப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது வகுப்புக்கே நான் சித்தி. போன வாரம் தலைமையாசிரியரே வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார். பாவம், எனக்குப் பெரியப்பா வயது அவருக்கு.

சென்ற வாரம் ஒரு சுவர் பிரிய மறுத்தது. தட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி நிற்கிறது. "யாரு இதுல சிமெண்ட் கலந்தது?" என்று கேட்டேன். சத்தமே இல்லை. "வாய்லயும் கலந்துட்டீங்களா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர.

அன்று சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "நான்தான் கலந்தேன், சித்தி."

"ஏன்டீ?"

"நான் கட்டினது எல்லாத்தையும் பிரிச்சாச்சு. அம்மா வர்றப்போ காட்ட ஒண்ணுமே இருக்காது. ஒண்ணாவது நிக்கட்டும்னு..."

எனக்கு அதன் பிறகு திட்ட வரவில்லை அக்கா.

ஆனால் சுவர் டிராக்டர் உள்ளே வரும் வழியில் நிற்கிறது. பருவம் முடிவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, இடித்தாகவேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நீ வெள்ளிக்கிழமை வந்தால் வெறும் தரைதான் இருக்கும். கொஞ்சம் முன்னால் வாயேன். அவளைக் கூட்டிப்போவதானாலும் பார்த்துவிட்டுக் கூட்டிப்போ.

உன்
சின்னவள்

---

மார்ச் 2

சின்னவளுக்கு,

ஒரு சுவரைப் பார்க்க அவ்வளவு தூரம் வருவேன் என்று எப்படி நினைத்தாய்? மேசை முழுக்க விடைத்தாள். சொன்ன நாளில் வருகிறேன்.

சிமெண்டைக் கேட்காமல் எடுத்தது தப்பு. சித்தி என்று செல்லம் கொடுத்து அதை மறைக்காதே.

சுவர் நேராக இருக்கிறதா? சும்மா கேட்டேன், பதில் எழுத வேண்டாம்.

கையுறை போடுகிறாளா? சிமெண்ட் தோலை அரித்துவிடும் என்று படித்தேன்.

அக்கா

---

மார்ச் 30

அக்காவுக்கு,

நீ வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பையைக் கட்டிக்கொண்டு பள்ளிப் படியில் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் கதவைப் பூட்ட வரும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம், "அம்மாவுக்கு இன்னும் கோவம் போல. வா சித்தி, பசிக்குது" என்றாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

முந்தின நாள் சுவரை அவளேதான் இடித்தாள். "நீ உக்காரு, நாங்க பாத்துக்கறோம்" என்று பையன்கள் உளியோடு வந்தார்கள். "என் சுவரு. தள்ளுங்கடா" என்றுவிட்டாள். முழுசாக வந்த கல் ரொம்பக் குறைவு. கையுறை போட்டிருந்தாள், நீ கேட்டாயே.

டிராக்டர் ஓட்டுநர் ஒன்று சொன்னார். புதன்கிழமை நாங்கள் எல்லோரும் வயலில் இருந்தபோது செங்கல் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார்களாம். "கண்ணாடி போட்டவங்க. சுவத்தையே தடவித் தடவிப் பாத்தாங்க. சாவியால சுரண்டிக்கூடப் பாத்தாங்க. யாருங்கன்னா, செங்கல் பாக்க வந்தேன்னாங்க." அப்படி யாராவது வருவது உண்டு. வெளியாள் ஒருத்தராவது பார்த்தாரே என்று பாப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கோபம் என்றால் என்மேல் வைத்துக்கொள். அவளுக்கு இரண்டு வரி எழுது.

சின்னவள்

---

ஏப்ரல் 4

சின்னவளுக்கும், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கும் பாப்பாவுக்கும்,

எனக்குச் செங்கல் கம்பெனி எதுவும் இல்லை. சுவரைப் பார்க்க வந்தேன் என்று அந்த டிராக்டர் ஓட்டுநரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பட்டறை சன்னல் வழியாக வயல் தெரிந்தது. எல்லோரும் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தீர்கள். அதில் பாப்பா யார் என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் அவளைத் தேட எனக்கு எப்போதும் ஒரு பார்வை போதும், அன்று போதவில்லை. யாரோ என்னவோ சொல்ல, ஒருத்தி நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் தெரிந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

கிட்டே வந்திருந்தால் காரில் ஏற்றியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். வெள்ளிக்கிழமை வந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதனால் வரவில்லை. போனை எடுத்திருந்தால் இந்த முறை அழுவது நானாக இருந்திருக்கும். ஆனால் அவளைப் படியில் காக்க வைத்திருக்கக் கூடாது. அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

பாப்பா, உன் சுவரைச் சாவியால் கீறினேன். உதிரவில்லை. மேலிருந்து நாலாவது வரிசையில், இடது பக்கம், கல்லுக்குக் கல் வரும் இடைவெளி கீழ் வரிசை இடைவெளிக்கு நேர் மேலே விழுந்திருக்கிறது. அப்படி விழக் கூடாது. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்துவிட்டுத்தான் வந்தேன். சித்தி எவ்வளவு போட்டாளோ, அதில் நான் இரண்டு மார்க் குறைத்திருப்பேன். மற்றபடி நேராகத்தான் இருந்தது. நான் வந்தபோது நின்றுகொண்டும் இருந்தது.

இங்கே கேட்டு வைத்திருந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் "விடேன்" என்று சொல்லவில்லை.

விடுமுறைக்குப் பஸ்ஸில் வா. கலவை பூசும் கரணையையும் ரசமட்டத்தையும் எடுத்து வா, சித்தியிடம் கேட்டுவிட்டு. பின்வாசல் படியைக் கட்டித் தா. சிமெண்ட் நான் வாங்கி வைக்கிறேன். அதைப் பிரிக்கச் சொல்லி யாரும் வரமாட்டார்கள்.

அம்மா