மேலே நின்றவன் பார்க்காத படம்

"தெரியுதா?" என்று எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒருவன் கத்துகிறான். புது ஆன்டெனா கட்டுகிறார்கள். பாலக்கரையில் இப்போது அடிக்கடி கேட்கிற சத்தம்தான். ஆனாலும் உன் குரலோ என்று ஒரு கணம் நிமிர்ந்துவிடுகிறேன்.

ரேடியோ கடை முதலாளி நம் இருவரையும்தான் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு அனுப்புவார். நீ மேலே ஆன்டெனாக் குழாயைத் திருப்புவாய். கூடத்தில் டி.வி. முன்னால் இருப்பவர்கள் சொல்வதை நான் ஜன்னலுக்கு வெளியே நின்று உனக்குக் கத்துவேன்.

"புள்ளி புள்ளியா விழறது. இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்லுப்பா. ஐயையோ, போச்சு! பழையபடியே வைக்கச் சொல்லு!"

"எந்தப் பழையபடிடா?" என்பாய் மேலிருந்து.

படம் தெளிந்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். கொல்லைப்பக்கம் செம்பை உயர்த்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். நாம் கையேந்திக் குடிப்போம். தேசத்தையே ஒன்றுசேர்க்க வந்த செயற்கைக்கோள் என்று பேப்பரில் எழுதினார்கள். அது இந்த ஜன்னல்வரைதான் வந்தது.

"அதுவும் மேல ஒரே எடத்துல நிக்குதாம், நானும் நிக்கிறேன். அதுக்கு ராக்கெட்டு, எனக்கு இரவல் ஏணி" என்று சிரிப்பாய்.

உனக்கு ஒரே ஆசைதான். செய்தி முடிவில் செயற்கைக்கோள் எடுத்த படம் காட்டுவார்களே, அது. ஜன்னலைச் சாத்துமுன் சில நாள் எனக்கு அது கண்ணில் படும்.

"நம்ம காவிரி தெரியுதாடா அதுல?"

"மேகம்தான் தெரியுது. பஞ்சு மாதிரி."

"போடா, உனக்குப் பாக்கத் தெரியலை. ஒருநாள் நானே பாத்துச் சொல்றேன்."

கடையிலேயே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கலாம் என்றிருந்தோம். ஆனால் செய்தி நேரத்தில் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டுக் கூரையில் நின்றாய்.

அன்று தூறிக்கொண்டிருந்தது. "மழை விடட்டுங்களே" என்றாய்.

"மேட்ச் ஆரம்பிச்சுடுத்துப்பா. ஏறு, ஏறு."

ஏறினாய். திருப்பினாய். "தெரியுதா?" என்றாய்.

"பளிச்சுனு இருக்குடா, இறங்கு!" என்று கத்தினேன். பாசி பிடித்த சுவரில் கால் வைத்தாய், வழுக்கியது.

உன்னை ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டபோதும் உள்ளே ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் அணைக்கவில்லை. "பார்த்து இறங்கப்படாதோ" என்றார் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் நீ போய்விட்டாய். அவர்கள் ஆன்டெனாவை நீ திருப்பி வைத்தபடியே வைத்திருக்கிறார்கள். இன்னும் தெளிவாகத்தான் தெரிகிறதாம்.

எதிர்வீட்டில் அவன் மறுபடி கத்துகிறான். இதோ போகிறேன். இப்போதெல்லாம் இப்படித்தான், எந்த வீடானாலும் மாடி ஏறிவிடுகிறேன்.

"தம்பி, குழாயை எங்கிட்ட குடு. நீ கீழ போய் உக்காந்து பாரு."

"அவங்க உள்ள விடுவாங்களாண்ணே?"

"படம் வேணும்னா விடுவாங்க. நீ சொன்னாத்தான் நான் திருப்புவேன்."

அவன் தயங்கித் தயங்கி இறங்குகிறான். காலைத் தூறலில் நனைந்த குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு, உன்னைப் போலவே கேட்கிறேன்:

"தெரியுதா?"