அரிசி டிரம்மில் இல்லை

திருவரங்குளம்,
ஞாயிறு, மாலை ஐந்து மணி.

அன்புள்ள ஷர்லி,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் எனக்குப் போன் செய்யாதே. வாட்ஸ்அப்பிலும் எதுவும் அனுப்பாதே. என் போன் நாலு நாளாக அண்ணியிடம் இருக்கிறது. அஜித் கார்ட்டூன் பார்க்கிறான் என்கிறார். நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அஜித் தூங்கிக்கொண்டிருக்கிறான், போன்தான் விழித்திருக்கிறது.

நான் நலம். நீயும் உன் சென்னை ஹாஸ்டல் சாம்பாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பயப்படாதே, இன்று பார்க்கப்போனால் நல்ல நாள்தான். காலையில் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் குழாயடியில் ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டார்கள். ஹரிணிக்கு ஏழு வயது. அஜித்துக்கு நாலு. வழக்கமாகக் கத்தும் அண்ணி இன்று கத்தவில்லை. அண்ணன் உரக்கடையையும் திறக்கவில்லை. "புள்ளைக வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குதுக, வாங்க கொடும்பாளூருக்குப் போயிட்டு வருவோம்" என்றார். வாசலில் வாடகைக் கார் நின்றது. பஸ்ஸில் போனால் குறைந்தா போய்விடுவோம் என்று சொல்கிற அண்ணன்!

அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. நான் சுடிதார் போட்டிருந்தேன். அண்ணி நீலப் புடவையைக் கையில் கொடுத்து, "இதைக் கட்டிக்க இளமதி, போட்டோ எடுத்தா நல்லா விழும்" என்றார். இரண்டு முழம் மல்லிகை வேறு. முழங்கால் வலி, நான் வரவில்லை என்ற அம்மா, நான் காரில் ஏறும்போது என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். கோயில் புல்தரையில் பிள்ளை மேய்க்கப் போகிறவளுக்கு எதற்கு நெட்டி?

வழியில் சாப்பாட்டுக் கூடையை என் மடியில் வைத்தார்கள். புளிச்சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம். நறுக்கி அடுக்கிய வாழையிலைகளை எண்ணினேன். பதினொன்று. காரில், ஓட்டிய அண்ணனோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவளிடம் இலையை எண்ணக் கொடுத்திருக்கக் கூடாது.

மூவர் கோயிலில் ஹரிணி இறங்கியதுமே, "மூவர்னா மூணுல்ல இருக்கணும்? ரெண்டுதானே நிக்குது. மூணாவதை எங்க அத்தை ஒளிச்சு வச்சாங்க?" என்று கேட்டாள். இடிந்து போய்விட்டது என்றேன். அவள் நம்பவில்லை. என் ரத்தம்.

பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடினேன். கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்தும் போனேன் ஷர்லி. அப்போது இன்னொரு கார் வந்து நின்றது. எண்ணினேன், ஆறு பேர். அண்ணன் கையை விரித்துக்கொண்டு, "அட, நீங்களா! எங்கிட்டு இந்தப் பக்கம்?" என்று ஆச்சரியப்பட்டார். அஜித் அவர் வேட்டியை இழுத்து, "நீதானப்பா இவங்க பன்னெண்டு மணிக்கு வருவாங்கன்னு சொன்ன?" என்றான். ஹரிணி அவனைக் கிள்ளினாள். அவன் அழவில்லை. வந்தவர்களில் இளைஞனாக இருந்தவரைக் காட்டி, "இந்த மாமாவா?" என்று சத்தமாகக் கேட்டான்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இலை போட்டேன்.

அவர் பெயர் பிரசாந்த். கத்தாரில் வேலை, இருபத்தைந்து நாள் லீவு. அதற்குள் கல்யாணம். சாப்பிட்டு முடித்ததும் எங்களைப் பிள்ளைகளோடு நடக்க விட்டார்கள். "நீங்க எந்த குரூப்?" என்று கேட்டார். பதற்றத்தில் "பி பாசிட்டிவ்" என்றேன். அவர் கேட்டது நான் எழுதிய அரசுத் தேர்வு குரூப் நாலா, குரூப் இரண்டா என்று. சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் பரீட்சை எழுதியது தெரிந்தவருக்கு பாஸானதும் தெரியும்தானே, வேலைக்குப் போவீர்களா என்று ஏன் கேட்கவில்லை?

மீதியை அவர் அம்மா கேட்டார். "கவர்மெண்டு வேலைன்னா எந்த ஊர்ல போடுவாங்களோ, என்னமோ?" அண்ணன் சொன்னது என் முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் காதில் விழுந்தது. "போகணும்னு கட்டாயம் இல்லைங்க. ஏதோ எழுதுச்சு, பாஸாயிருச்சு."

ஏதோ எழுதினேனாம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குவதற்காகக் கடையை அடைத்துவிட்டுத் தாலுகா ஆபீஸில் இரண்டு நாள் நின்றது இதே அண்ணன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எப்படிச் சந்தேகப்படுவது, சொல்.

வீட்டுக்கு வந்ததும் என் பெட்டியைத் திறந்தேன். சான்றிதழ் பைல் இல்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசலோடு நேரில் போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அண்ணனிடம் கேட்டேன். "பத்திரமாத்தான் இருக்கு, இப்ப என்ன அவசரம்?" என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

ஹரிணிக்குத் தெரியும் என்று அவள் முகம் சொன்னது. நான் கேட்கவில்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் அந்தப் பிள்ளையை ஏன் நிறுத்த வேண்டும்? ஆனால் அஜித் தானாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அரிசி டிரம்முல இல்ல அத்தை. அங்க பாக்காத" என்றான்.

அண்ணி பால் வாங்கப் போன நேரத்தில் அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். பாலிதீன் கவர் தட்டுப்பட்டது. எல்லாம் இருக்கிறது, ஒரு தாளும் மடங்கவில்லை. சுற்றியதில் அண்ணனின் கவனம் தெரிந்தது. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. பைலை எடுத்துக்கொண்டு, ஹரிணியின் போன வருடப் பாட நோட்டுகளை அதே கவரில் சுற்றி, அதே ஆழத்தில் புதைத்தேன். பைல் இப்போது எங்கே என்று உனக்கும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை நாளை நானே போஸ்ட் ஆபீசுக்குப் போய்ப் போடும் வரை இது யார் கண்ணில் படும் என்று தெரியாது.

இதை எழுதும்போது அஜித் என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறான். "யாருக்கு அத்தை எழுதுற?" என்றான். கணக்குப் போடுகிறேன் என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய்.

உன் ஜெபத்தில் என்னைச் சேர்த்துக்கொள். கூடவே அண்ணனையும்.

அடுத்த வாரம் புதன்கிழமை இரவு புதுக்கோட்டையில் பஸ் ஏறிவிடுவேன். வியாழன் விடியற்காலை நாலரைக்கெல்லாம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் வந்து நில். நான் இறங்கவில்லை என்றால், பஸ் லேட் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

உன்னை நம்பும்,
இளமதி